வாடாமல்லி ஹெரால்டு

செவிலிமேட்டில் எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீடு வீராசாமியுடையது. முன்பாதி ஓடு, பின்பாதி தகரம், பக்கத்தில் ஒரு கீற்றுக் கொட்டகை. 1969-ல் நான் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கிளார்க்காகச் சேர்ந்து அந்தத் தெருவுக்குக் குடிவந்தேன். முதல் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அந்தக் கொட்டகைக்குள்ளிருந்து டங் டங்கென்று சத்தம். தறிச் சத்தம் கேட்டுப் பழகிய காதுதான், ஆனால் இது வேறு மாதிரி இருந்தது. போய் எட்டிப் பார்த்தேன். ஒரு சின்னக் கார் நின்றது. அதன் கூரை தனியாகக் கழன்று மூலையில் மல்லாந்து கிடந்தது. கூரைக்குள் வைக்கோல் பரப்பி ஒரு கோழி அடைக்கு உட்கார்ந்திருந்தது.

"மழை வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன். பேரைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்வதற்கு முன்னாலேயே கேட்டுவிட்ட கேள்வி.

காருக்கு அடியிலிருந்து பதில் வந்தது. "நனைவோம் சார்."

பிறகுதான் ஆள் வெளியே வந்தார். முப்பது வயது, ஒல்லி உடம்பு, முழங்கையில் வெல்டிங் பொறி பட்ட தழும்புகள், முகம் நிறையச் சிரிப்பு. பஸ்ஸுக்கு பாடி கட்டும் பட்டறையில் டிங்கர் வேலை. நசுங்கின தகரத்தைத் தட்டித் தட்டி மறுபடி நேராக்குகிற வேலை அது. ஏனாத்தூர்ப் பக்கம் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நட்டு, களை எடுத்து, அறுத்தே காலம் தள்ளியவர்கள். வீராசாமிக்குச் சேற்றில் இறங்க மனமில்லை. பதினாறு வயதில் பட்டறையில் சேர்ந்தார், தகரம் அவர் கைக்கு வசப்பட்டுவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவினாலே எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று சொல்லிவிடுவார்.

ஒரு தடவை பட்டறை முதலாளியோடு புதிதாகக் கட்டின பஸ்ஸை ஒப்படைக்க மெட்ராஸ் போனவர், அங்கிருந்து சோழவரத்துக்குப் போய்க் கார் பந்தயம் பார்த்திருக்கிறார். பழைய விமானத் தளத்தில் சின்னச் சின்ன வண்டிகள் தரையோடு ஒட்டிக்கொண்டு பறந்தன. மூன்று நாள் காதில் அந்தச் சத்தம் போகவில்லை என்பார். தனக்கென்று அப்படி ஒரு வண்டி வேண்டும் என்ற ஆசை அன்று விழுந்தது.

வண்டி வந்த விதம் இது. திருப்பருத்திக்குன்றத்தில் ரிஷபதாஸ் என்று ஒரு சமண நைனார் இருந்தார். நிலமும் உண்டு, மணிலாக்கொட்டை வியாபாரமும் உண்டு. அந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு அவருடையது. இரண்டே கதவு வைத்த வண்டி. ஒரு ஐப்பசி மழையில் வீட்டு வாசல் புளியமரத்தின் கிளை முறிந்து அதன் கூரைமேல் விழுந்தது. ஐந்து நிமிஷம் முன்னால்தான் அவர் மனைவி தயாவதி வண்டியிலிருந்து இறங்கி உள்ளே போயிருந்தார். "இனிமே அந்த வண்டிகிட்டவே நான் வரமாட்டேன்" என்று அந்த அம்மாள் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். அந்தச் சமயத்தில் வீராசாமி நைனாரின் லாரிக்கு பாடி கட்டிக்கொண்டிருந்தார். கூலிக்குப் பதில் காரைக் கேட்டார்.

"அத்த வெச்சிக்கினு இன்னாப்பா பண்ணப் போற? கோழிக்கூண்டா?" என்றார் ரிஷபதாஸ்.

"பந்தயக் காரு பண்ணப் போறேன் நைனாரே."

நைனார் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாவியைக் கொடுத்தார்.

மற்ற கார்களில் கூரையை எடுக்க வேண்டுமானால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். ஹெரால்டில் அதை போல்ட்டு போட்டு முடுக்கி வைத்திருந்தார்கள். வீராசாமி ஸ்பேனரை வைத்துக் கழற்றினார், கூரை வந்துவிட்டது. வேலை அவ்வளவுதான் என்று நினைத்து, தன் மனைவி அம்சாவை ஏற்றிக்கொண்டு பாலாற்றுப் பக்கம் ஒரு சுற்று ஓட்டினார். முதல் திருப்பத்திலேயே அம்சா பக்கத்துக் கதவு தானாகத் திறந்துகொண்டது. ஒரு கையால் சீட்டையும் ஒரு கையால் அவர் சட்டையையும் பிடித்துக்கொண்டு அம்சா கத்தின கத்தலுக்கு ஆற்று மணலில் மேய்ந்த கழுதைகள் ஓடின. கூரைதான் வண்டியின் உடம்பை இறுக்கிப் பிடித்திருந்தது, அது போனதும் வண்டி நெகிழ்ந்துவிட்டது என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. முன் சீட்டுக்குப் பின்னால் குறுக்கே ஒரு கனத்த இரும்புக் குழாயை வைத்து இரண்டு பக்கமும் வெல்டிங் அடித்தார். அதற்கப்புறம் கதவு திறக்கவில்லை. ஆனாலும் அம்சா ஒரு வருஷம் வரை கதவின் கைப்பிடியைக் கயிற்றால் கட்டிவிட்டுத்தான் உட்காருவார்.

அம்சாவுக்குச் சாயப்பட்டறையில் வேலை. பட்டுநூல் கழிகளைக் கொதிக்கிற சாயத்தில் முக்கி எடுக்கிறவர்களில் அவரும் ஒருவர். விரல் நுனிகள் எப்போதும் ஏதாவது ஒரு நிறத்தில் இருக்கும். காருக்கு என்ன நிறம் என்ற பேச்சு வந்தபோது வீராசாமி சிவப்பு என்றார். பந்தய வண்டி என்றால் சிவப்புதான்.

"செவப்புன்னா தபால் பெட்டி இல்லியா? தெருவுக்குத் தெரு நிக்குது. வாடாமல்லி அடி."

"அந்தக் கலரு எந்தப் பெயிண்டுக் கடையிலயும் கிடையாதும்மே."

"கடையில இருந்தா நான் எதுக்குச் சொல்றேன்?"

மறு ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் சிவப்பு, நீலம், வெள்ளை மூன்று டப்பாக்களை வைத்துக்கொண்டு அம்சா கலக்கினார். ஒவ்வொரு கலவையையும் ஒரு தகரத் துண்டில் பூசி, காய வைத்து, வெயிலிலும் நிழலிலும் பிடித்துப் பார்த்தார். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் வேறு நிறம். பட்டறையில் தினமும் பார்க்கிற சங்கதி. பதினான்காவது தகரத்தில்தான் அவருக்குத் திருப்தி வந்தது. வீராசாமி மேடு பள்ளமில்லாமல் பட்டி தேய்த்து, மூன்று கை பெயிண்ட் அடித்தார். வாடாமல்லிப் பூவைக் கூடையோடு கவிழ்த்த மாதிரி நின்றது வண்டி. அம்சாவின் விரல் நுனிகளும் ஒரு வாரம் அதே நிறத்தில் இருந்தன.

வேகம் தனி வேலை. வீராசாமி மெட்ராஸ் புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளில் நான்கு ஞாயிற்றுக்கிழமை அலைந்து, எந்தக் காலத்திலோ நொறுங்கின ஒரு வெளிநாட்டு வண்டியின் இரட்டைக் கார்புரேட்டரைக் கொண்டுவந்தார். இன்ஜினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து ஊட்டுகிற சாதனம் அது; ஒன்று இருந்த இடத்தில் இரண்டு. சைலன்சரையும் அகலக் குழாயாக மாற்றினார். முதல் முறை ஸ்டார்ட் செய்தபோது எங்கள் தெருத் தறிகள் எல்லாம் ஒரு நிமிஷம் நின்றன. நெய்கிறவர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

ஒரு காலை, வெயில் ஏறுவதற்கு முன், பாலுசெட்டி சத்திரம் தாண்டிப் பெங்களூர் ரோட்டில் இருவரும் அதை ஓட்டிப் பார்த்தார்கள். முள் எழுபது மைலைத் தொட்டது. "பாரு, பாரு, எழுவது!" என்று வீராசாமி கத்தினார். அம்சா பார்க்கவில்லை. காற்றில் கண்ணைத் திறக்கவே முடியவில்லை. ரிப்பன் அவிழ்ந்து பறந்துவிட்டது. கண்ணை மூடியபடியே கத்தினார்: "இன்னும் கொஞ்சம் போயேன்யா!"

அவர்கள் திரும்பி வந்தபோது நான் பல் தேய்த்துக்கொண்டு வாசலில் நின்றேன். இரண்டு பேர் முகத்திலும் சிவப்பு மண் அப்பியிருந்தது. பல் மட்டும் வெள்ளையாகத் தெரிய, பேச முடியாமல் சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் போனார்கள்.

ஆனால் ஊருக்கு அந்த வேகத்தில் அக்கறை இல்லை. கூரை இல்லாத கார் என்றால் காஞ்சிபுரத்துக்கு ஒரே அர்த்தம்தான். அதில் மாப்பிள்ளை உட்கார வேண்டும், முன்னால் நாதஸ்வரம் போக வேண்டும். முதலில் வந்து கேட்டவர் யார் என்று நினைக்கிறீர்கள்? ரிஷபதாஸ்.

"எம்மவ திரிசலாவுக்கு வைகாசியில கல்யாணம் வீராசாமி. மாப்பிள்ளை வந்தவாசிப் பக்கம். ஊரே பேசறமாதிரி ஊர்வலம் வெக்கணும். உன் வண்டியத் தரணும்பா."

"கோழிக்கூண்டுலயா நைனாரே மாப்பிள்ளைய ஒக்கார வெக்கப் போறீங்க?"

நைனார் இந்தத் தடவையும் சிரித்தார், ஆனால் கொஞ்சம் வெட்கத்தோடு.

சமண வழக்கப்படி அவர்கள் வீட்டில் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். அதனால் ஊர்வலத்தைப் பிற்பகல் மூன்று மணிக்கே வைத்தார்கள். வைகாசி வெயில். மாப்பிள்ளை தர்மதாஸ் கோட்டும் மாலையுமாகப் பின்னால் ஏறி உட்கார்ந்தார். எழுபது மைல் போவதற்காகத் தயார் செய்த இன்ஜின், நாதஸ்வரக்காரர் அடி எடுத்து வைக்கும் வேகத்தில் போக வேண்டியதாயிற்று. நூறு கெஜத்தில் இரட்டைக் கார்புரேட்டர் மூச்சடைத்து, டமால் என்று வெடி போட்டது. நாதஸ்வரம் பாதியில் நின்றது. தவில்காரர் வரப்பில் ஏறிவிட்டார். இன்னும் ஐம்பது கெஜத்தில் ரேடியேட்டர் கொதித்து, ஆவி சீறி, மாப்பிள்ளையை மறைத்துவிட்டது. ஆவிக்குள்ளிருந்து இருமல் சத்தம் மட்டும் வந்தது.

வீராசாமிக்குக் கைகால் ஓடவில்லை. தண்ணீர், தண்ணீர் என்று கத்தினார். கிணற்றடியிலிருந்து ஒரு பித்தளைக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவர், அந்த வண்டியின் கிட்டவே வரமாட்டேன் என்றிருந்த தயாவதி அம்மாள்தான். வந்தவர் உடனே ஊற்ற விடவில்லை. முந்தானையிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்து ரேடியேட்டர் வாயில் விரித்தார்.

"வடிகட்டி ஊத்துப்பா."

"அம்மா, இது காரு. குடிக்கப் போறதில்ல."

"காரா இருந்தா இன்னா? தண்ணியில இருக்கறது உசுருதானே?"

சுட்ட ரேடியேட்டர் ஆறும்வரை காத்திருந்து, அந்தத் துணிவழியாக மூன்று குடம் தண்ணீரை மெல்ல மெல்ல ஊற்றினார்கள். அதுவரை மாப்பிள்ளை என்ன செய்தார் தெரியுமா? கோட்டைக் கழற்றி மாமனார் கையில் கொடுத்துவிட்டு, முதலை வாய் மாதிரித் திறந்த பானட்டுக்குள் தலையை விட்டு, "ரெண்டு கார்புரேட்டரா!" என்று வீராசாமியோடு பேச்சில் இறங்கிவிட்டார். அவரை மறுபடி வண்டியில் ஏற்றுவதற்குப் பாடுபட வேண்டியிருந்தது. சூரியன் மறைவதற்கு ஒரு நாழிகை இருக்கும்போது பந்தி போட்டார்கள். எல்லோரும் சிரித்துக்கொண்டேதான் சாப்பிட்டார்கள் என்று நைனார் பின்னால் பலமுறை சொல்லியிருக்கிறார்.

வீராசாமி மட்டும் இரண்டு நாள் சிரிக்கவில்லை. வேகமாகப் போக வைப்பது பெரிதில்லை, மெதுவாகப் போக வைப்பதுதான் வித்தை என்று சொல்லிக்கொண்டு கொட்டகைக்குள் நுழைந்தார். ஜீப்பின் பெரிய விசிறியை வாங்கி மாட்டினார். பானட்டின் இரண்டு பக்கமும் மீன் செவுள் மாதிரி வரிசையாக ஏழேழு கீறல்கள் போட்டு, ஒவ்வொன்றையும் உள்ளிருந்து தட்டி மெல்லத் தூக்கிவிட்டார். சூடு அதன் வழியாக வெளியேறியது. அழகுக்குச் செய்தது என்றுதான் பார்த்தவர்கள் நினைத்தார்கள். பழைய ஒற்றைக் கார்புரேட்டரைத் துடைத்துத் தனியாக வைத்தார். அதற்குக் கல்யாணக் கார்புரேட்டர் என்று பெயர். முகூர்த்த நாளுக்கு முந்தின மாலை அதை மாட்டுவார்கள், கல்யாணம் முடிந்ததும் கழற்றிவிட்டு இரட்டையை மாட்டுவார்கள். ஆறு மாதத்தில் அம்சாவே தனியாக முக்கால் மணி நேரத்தில் மாற்றப் பழகிவிட்டார். சீட்டுக்குப் புது ரெக்சின் தைத்ததும் அவர்தான்.

இரண்டு வருஷத்தில் அந்த வண்டி இல்லாத கல்யாணம் கல்யாணமா என்கிற அளவுக்கு வந்துவிட்டது. பட்டு வியாபாரிகள் வீட்டிலிருந்தும் வந்தார்கள், நெசவாளர்கள் வீட்டிலிருந்தும் வந்தார்கள். சில வீடுகளில் வீராசாமியைக் கொல்லைப்புறம் தனியாக உட்கார வைத்துச் சாப்பாடு போட்டதும் உண்டு. அதை அவர் என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னார். அந்த வீட்டுக்கு மறுமுறை வண்டி போகவில்லை என்பதையும் அதே வாக்கியத்தில் சொன்னார்.

1972-ல் அம்சாவின் தம்பி முனிரத்தினத்துக்கு ஆனி மாதம் கல்யாணம் நிச்சயமானது. அவர்கள் ஊர் வாலாஜாபாத் போகும் வழியில், மெயின் ரோட்டிலிருந்து ஒரு மைல் உள்ளே இருந்தது. பேர் வேண்டாம். ஊர்த்தெருவைத் தாண்டினால் கடைசியில் காலனி. முனிரத்தினம் காலனியில் முதல் வாத்தியார். பக்கத்து ஊர் ஆரம்பப் பள்ளியில் அப்போதுதான் வேலை கிடைத்திருந்தது. பத்திரிகை கொடுக்க வந்தவர் பாயில் உட்கார்ந்து காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

"மாமா, வண்டி வேணும். ஆனா பாட்டை வழியாத்தான் கொண்டாரணும்."

"ஏன், தெருவுக்கு இன்னா? கப்பி போட்டு ஷோக்கா வெச்சிருக்கானுங்களே."

"காலனிக் கல்யாணம் எதுவும் ஊர்த்தெரு வழியா போனதில்ல. வயலச் சுத்தி மாட்டுவண்டிப் பாட்டையிலதான் போவணும். பேஜாரு எதுக்கு மாமா? எனக்குப் பொண்ணு வந்து சேந்தா போதும்."

அம்சா தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பாத்திரம் தேய்க்கிற சத்தம் வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டது.

மறு ஞாயிற்றுக்கிழமை வீராசாமி காரை ஜாக்கி வைத்துத் தூக்கி, முன் ஸ்பிரிங் இரண்டிலும் இரும்பு ரம்பத்தால் ஒவ்வொரு சுற்று அறுத்தார். பின்னால் இருந்த ஸ்பிரிங் பட்டைகளிலும் ஒன்றை உருவினார். வண்டியைக் கீழே இறக்கியபோது அது தரையோடு ஒட்டிக்கொண்டு, பாய்வதற்குப் பதுங்கின மாதிரி இருந்தது.

"இது எதுக்கு?" என்று கேட்டேன்.

"இனிமே இது மாட்டுவண்டிப் பாட்டையில எறங்காது சார். மேடு இடிக்கும்."

"அதான் எதுக்கு? எறங்காதுன்னு சும்மா சொன்னா போதாதா?"

"பொய் சொன்னா எம்மூஞ்சில தெரிஞ்சிடும். அதான் நெசமாக்கிட்டேன்."

கல்யாணத்தன்று நானும் சைக்கிளில் போனேன். பெண் வீட்டார் பஸ்ஸில் வந்து மெயின் ரோட்டில் இறங்கினார்கள். மாப்பிள்ளையையும் மணப்பெண் வள்ளியையும் பின்னால் உட்கார வைத்து, அம்சா முன்னால் ஏறிக்கொண்டார். பேண்டு முழங்க வண்டி உள்ளே திரும்பியது. முகூர்த்தம் பத்தரைக்கு. ஊர்த்தெரு தொடங்குகிற இடத்தில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். நடுவில் பஞ்சாயத்து பிரசிடெண்டு தனசேகரன். போன மாதம்தான் அவரே செவிலிமேடு வரை வந்து, ஆவணியில் தன் மகன் உமாபதியின் கல்யாணத்துக்கு அதே வண்டியைச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"வாப்பா வீராசாமி. வண்டி நல்லா பளபளன்னு இருக்குது. அப்படியே பாட்டைப் பக்கமா திருப்பிக்கோ. வழக்கம் உனக்குத் தெரியாததா?"

பேண்டு நின்றது. வீராசாமி இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார். வெள்ளை வேட்டியோடு தெருவில் குப்புறப் படுத்து, வண்டிக்கு அடியில் கையை விட்டுக் காட்டினார்.

"பாருங்க பிரசிடெண்டு. நாலு விரலுதான் எடம் இருக்குது. பாட்டையில எறக்கினா ஆயில் சேம்பரு ஒடஞ்சிடும். அப்பால ஆவணியில உங்க ஊட்டுக் கல்யாணத்துக்கு நான் எத்த ஓட்டிக்கினு வர்றது?"

தனசேகரன் குனிந்து பார்த்தார். பக்கத்தில் இருந்தவர்களும் ஒவ்வொருவராகக் குனிந்தார்கள். வழி மறிக்க வந்த அத்தனை பேரும் முழங்காலில் கை ஊன்றி ஒரு காரின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்த காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. வள்ளி மாலைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள்.

"முன்ன இவ்வளவு தாழ இல்லியே?" என்றார் தனசேகரன்.

"இப்பத்தான் எறக்கினேன். ஸ்போர்ட்ஸ் வண்டின்னா தாழத்தான் இருக்கணும்."

கூட்டத்தில் ஒருவர் நிமிர்ந்தார். "அப்போ வண்டி இங்கியே நிக்கட்டும். பொண்ணு மாப்பிள்ளை எறங்கிப் பாட்டையில நடக்கட்டும்."

முனிரத்தினம் கதவில் கை வைத்துவிட்டார், இறங்க. அதற்குள் அம்சா இறங்கி நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"அண்ணே, நான் பொறந்தது இந்த ஊரு. கல்யாணம் ஆவற வரைக்கும் அறுப்புக்கு அறுப்பு இந்தத் தெருவுலதான் நடந்தேன். தலையில உங்க நெல்லுக்கட்டு இருந்துச்சு. பிரசிடெண்டு களம் வரைக்கும் ஒரு நாளைக்கி இருவது நடை. ஒரு தபா கூட யாரும் வழக்கம்னு சொல்லி என்ன நிறுத்தினதில்ல. இன்னிக்கி எந்தம்பி கழுத்துல மாலை இருக்குது. அது மட்டும் கண்ண உறுத்துதா?"

கிளாரினெட் ஊதுகிறவர் வாயிலிருந்து கருவியை எடுக்க மறந்து நின்றார். தனசேகரன் மேல்துண்டை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினார். அப்போது அவருக்குப் பின்னாலிருந்து உமாபதி வந்தான்.

"வழி வுடச் சொல்லுப்பா. அவங்களுக்கு முகூர்த்தம் தப்பிடும்." பிறகு, மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்: "எனக்கு வேற வண்டி வேணாம். இதான் வேணும்."

பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள். தனசேகரனை இளக வைத்தது அம்சாவின் பேச்சா, மகனின் ஆசையா, எனக்குத் தெரியாது. அவருக்கே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம். ஒதுங்கி நின்று, "போங்கப்பா. மெதுவா போங்க, பசங்க குறுக்க ஓடுவாங்க" என்றார். ஒருவர் மட்டும் காறித் துப்பிவிட்டு வேகமாக நடந்து போய்விட்டார்.

வண்டி தெருவுக்குள் நுழைந்தது. பேண்டுக்காரர்கள் நுழைந்த வேகத்தில் வாசித்த பாட்டு மறந்துபோய் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். கல்யாணக் கார்புரேட்டர் ஒரு முறைகூட இருமவில்லை. வீட்டுக்கு வீடு பெண்கள் வாசலுக்கு வந்தார்கள். முனிரத்தினம் கையெழுத்துப் போட உட்கார்ந்தவர் மாதிரி விறைத்து உட்கார்ந்திருந்தார். தெரு முடிகிற இடத்தில்தான் மூச்சு விட்டார். பிரசிடெண்டின் மனைவி கமலாட்சி அம்மாள் படியிறங்கி வந்து, கூடவே நான்கடி நடந்து, பானட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"இன்னா கலரும்மா இது?"

"வாடாமல்லிங்க. நானே கலக்கினது" என்றார் அம்சா.

"ஆவணியிலயும் இதே கலருதானே? மாத்திடாதீங்க."

பத்து இருபதுக்குக் காலனியில் இறங்கினார்கள். தாலி கட்டும்போது வீராசாமியின் வேட்டி முன்பக்கம் முழுக்கத் தெருப் புழுதி. அவர் அதைத் தட்டிவிடவே இல்லை.

அறுத்த ஸ்பிரிங்கை மறுபடி ஒட்ட முடியாது. அதனால் அந்த வண்டி அதற்கப்புறம் எந்த ஊருக்குப் போனாலும் நல்ல ரோட்டில்தான் போயிற்று. சுற்றுப்பட்டில் எத்தனையோ காலனிக் கல்யாணங்கள் அதில் நடந்தன. எல்லா இடத்திலும் வழி கிடைத்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு ஊரில் பிற்பகல் வரை நின்றுவிட்டுத் திரும்பி வந்தார்கள். இன்னொரு இடத்தில் கல் விழுந்து முன் கண்ணாடி போயிற்று. ஆவணியில் உமாபதியின் கல்யாணமும் நடந்தது. அங்கே வீராசாமிக்கும் அம்சாவுக்கும் முதல் பந்தியிலேயே இலை போட்டார்கள்.

ஆனால் முனிரத்தினம் கல்யாணத்தன்று சாப்பாடு முடிந்ததும் கூத்து ஆரம்பமானது. காலனியில் ஒரு பெண்மணி, பொன்னியம்மாள் என்று பேர், அறுபது வயதிருக்கும், வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஒரு சுத்து என்ன வெச்சி ஓட்டுப்பா" என்றார். வீராசாமி மெயின் ரோடு வரை ஓட்டிக் கூட்டிக்கொண்டு வந்தார். இறங்கும்போது பொன்னியம்மாள் வெட்கப்பட்டுக்கொண்டு முகத்தை முந்தானையால் துடைத்தார். அவ்வளவுதான். காலனிப் பெண்கள் அத்தனை பேரும் வரிசை கட்டிவிட்டார்கள். நான்கு பேர், ஐந்து பேர், மடியில் இரண்டு பிள்ளைகள் என்று ஊர்த்தெரு வழியாகவே போவதும் வருவதுமாக இருந்தது. எட்டாவது நடையில், சரியாக பிரசிடெண்டு வீட்டு வாசலில், வண்டி இரண்டு குலுக்குக் குலுக்கி நின்றது. பெட்ரோல் தீர்ந்துவிட்டது.

இந்த முறை யாரும் வழி மறிக்கவில்லை, யாருக்கும் வழியும் இல்லை. தெருவையே அடைத்துக்கொண்டு நின்றது ஹெரால்டு. மெயின் ரோடு வரை தள்ளிவிட்டால் அங்கிருந்து லாரி எதையாவது பிடித்துப் பெட்ரோல் வாங்கிவிடலாம் என்றார் வீராசாமி. தள்ளுவதற்குக் காலனிப் பிள்ளைகள் ஓடிவந்தார்கள். மாப்பிள்ளை முனிரத்தினம் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். வீட்டுக்குள்ளிருந்து உமாபதி சட்டையைக் கழற்றிக்கொண்டே வந்து, பின்பக்கம் கை கொடுத்தான். வீராசாமியும் தள்ள வேண்டியிருந்ததால் ஸ்டியரிங்கில் அம்சா உட்கார்ந்தார். பின் சீட்டில் இருந்த நான்கு பெண்கள் இறங்க மறுத்துவிட்டார்கள்.

"ஏம்மா, நீங்க எறங்கினாத்தானே லேசா இருக்கும்?" என்றான் உமாபதி.

"நாங்க இன்னும் ரோடு வரைக்கும் போவலியே" என்றார்கள்.

வண்டி அசைந்தது. அம்சா ஹாரனை அழுத்தினார், விடவில்லை. கோழிகள் சிதறின. தள்ளுகிறவர்களுக்குச் சிரிப்பில் கை வழுக்கியது.

"இன்னும் எவ்வளோ தூரம்க்கா தள்ளணும்?" என்று பின்னாலிருந்து முனிரத்தினம் மூச்சு வாங்கக் கேட்டார்.

"கம்முனு தள்ளுடா வாத்தியாரே," என்றார் அம்சா திரும்பிப் பார்க்காமல். "காஞ்சிபுரம் இன்னா பத்து மைலுதானே!"